புயல் ஏன் கரையருகே நின்றுவிடுகிறது?

வடகிழக்குப் பருவத்தில் சென்னையை மூழ்கடிப்பது பெரும்பாலும் புயலின் காற்று வேகம் அல்ல, அது கரையருகே தங்கும் நேரம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறவே இல்லை. கடலோரமாக மெல்ல ஊர்ந்து, 5ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அதற்குள் தி. நகர் தெருக்கள் மூழ்கின, அடையாறு கரைபுரண்டது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டியது.

புயல் தானாக நகர்வதில்லை. சில கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றே அதை இழுத்துப் போகிறது. அந்தக் காற்றின் திசையையும் வேகத்தையும் தீர்மானிப்பவை புயலின் இருபுறமும் அமையும் உயரழுத்தப் பகுதிகள். ஒன்று வலுத்தால் புயல் அது தள்ளும் பக்கம் போகும். இரண்டும் சமபலத்தில் எதிரெதிராகத் தள்ளினால் நடுவில் சிக்கிக்கொள்ளும்.

புவி வெப்பமயமாதல் இதில் இரு வழிகளில் நுழைகிறது. முதலாவது எளிது. காற்று 1 டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். மணிக்கு 2 செ.மீ. பெய்த இடத்தில் 2.14 செ.மீ. பெய்யும். இரண்டாவது, காற்றுச் சுற்றோட்டம் மாறிப் புயல் மெதுவாவது. மழைப்பட்டை 10 மணி நேரத்துக்குப் பதில் 20 மணி நேரம் ஒரே ஊரின் மேல் நின்றால் மழை இரட்டிப்பாகும். வெள்ளத்தைப் பெரிதாக்குவது இரண்டாவதுதான்; அறிவியல் உறுதியாகப் பேச முடியாததும் அதுவே. 1949–2016 காலத்தில் உலகப் புயல்களின் நகர்வு வேகம் 10 விழுக்காடு குறைந்ததாக ஜேம்ஸ் கோசின் 2018இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். செயற்கைக்கோளுக்கு முந்தைய பதிவுகளில் இருக்கும் ஓட்டைகளைக் காட்டி மற்றவர்கள் மறுத்தார்கள்.

எனவே ‘வரலாறு காணாத மழை, எல்லாம் காலநிலை மாற்றம்’ என்னும் அரசு விளக்கத்தை அப்படியே ஏற்க முடியாது. சென்னையின் 2015 டிசம்பர் 1 மழையை ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவுக்கு வெப்பமயமாதலின் தடயம் கிடைக்கவில்லை. மாசுத்துகள்கள் அதை ஈடுகட்டியிருக்கலாம் என்றது அக்குழு. அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதும் காற்றோட்டத்தின் வேலை அல்ல. ‘இயல்பான பருவமழை’ என்பதையும் அப்படியே ஏற்க முடியாது. மொத்த மழை சராசரியைவிட 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் அது ‘இயல்பு’. பாதி மழை இரண்டே நாளில் கொட்டியிருந்தாலும் அந்தச் சொல் மாறாது.

வாசகர் கடிதங்களில் வந்த பிற கேள்விகள்:

எல் நினோ ஆண்டில் மழை குறையுமா? தென்மேற்குப் பருவத்தில் குறையக்கூடும், வடகிழக்கில் பெரும்பாலும் கூடும். 2015, 2023 இரண்டும் எல் நினோ ஆண்டுகள்.

ரெட் அலர்ட் என்றால் பள்ளி விடுமுறையா? இல்லை, 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்பதே பொருள். விடுமுறை ஆட்சியர் முடிவு.

புயல் இல்லாமலும் வெள்ளம் வருமா? வரும், 2021 டிசம்பர் 30 அன்று மயிலாப்பூர் பக்கம் கொட்டத் தொடங்கிய பிறகுதான் ரெட் அலர்ட்டே வந்தது.

மழை விட்டும் அடையாறு ஏன் வடிவதில்லை? புயல் கரையருகே இருக்கும்வரை கடல் மட்டம் உயர்ந்திருக்கும். முகத்துவாரத்தில் ஆற்று நீரைக் கடல் எளிதில் வாங்காது.