பொதுக்கூட்ட ஒலிபெருக்கி
உலோகக் கூம்பும் மைக்கும். 1930களில் வழங்கிய வகை

காந்தியடிகளின் குரல் மெல்லியது. மைதானத்தில் திரண்ட ஜனசமுத்திரத்தில் முன்வரிசைகளுக்கு அப்பால் இருந்தோர், அவரைத் தரிசித்த திருப்தியோடும், அவர் சொன்னதை அக்கம்பக்கத்தார் வாயிலாக அரைகுறையாக அறிந்த மனக்குறையோடும் வீடு திரும்பிய காலம் ஒன்று உண்டு. அக்குறையைத் தீர்த்த உபகரணம் இது. மைக்கில் விழும் பேச்சு மின்னலைகளாக மாறி, கண்ணாடி வால்வுகள் பொருத்திய பெருக்கிப் பெட்டியில் பலம் பெற்று, கூம்பின் குறுகிய கழுத்திலுள்ள மெல்லிய தகட்டை அதிரச் செய்ய, அவ்வதிர்வு படிப்படியாக விரியும் கூம்பின் வாய் வழியே வெகுதூரம் செல்லும். மின்சாரம் எட்டாத இடங்களில் பாட்டரி கைகொடுத்தது.

1931 மார்ச்சில் வல்லபாய் பட்டேல் தலைமையில் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபையிலும், பின்னர் பல மாநாடுகளிலும் ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தவர், சிந்து தேசத்து வணிகக் குடும்பத்தில் பிறந்த நானிக் மோட்வானே. அவருடைய ஸ்தாபனம் ‘சிகாகோ ரேடியோ’. பெயரில்தான் அமெரிக்க நகரம், ஸ்தாபனமோ பம்பாயில் இயங்கிய சுதேசி ஸ்தாபனம். தலைவர்கள் பிரசங்கம் செய்யும் அக்காலப் புகைப்படங்களை உற்று நோக்கினால், மைக்கின்மேல் அப்பெயர் பொறித்த தகட்டைப் பலவற்றில் காணலாம். அதனினும் சிறந்த விளம்பரம் எந்த வியாபாரிக்கும் வாய்த்திராது.

1942 ஆகஸ்டுப் புரட்சியின்போது பம்பாயில் உஷா மேத்தா முதலியோர் இரகசியமாக நடத்திய காங்கிரஸ் வானொலிக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்டு மோட்வானேயும் கைதானார். விசாரணையின் முடிவில் விடுதலை பெற்றார்.