குகைநீரில் புகுமுன் திறந்தநீரில் பெறவேண்டிய பயிற்சி

முன்னுரை

நீரில் மூழ்கி முத்தும் சங்கும் எடுத்த மரபு மன்னார் வளைகுடாக் கரையோர்க்குப் புதிதன்று. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் முதியோர் வாயிலாக முத்துக்குளித்தல் பற்றிய செய்திகளைக் கேட்டு வளர்ந்தோர் நம்மிடையே உளர். கல்லின் துணையால் கடலடிக்கு இறங்கும் ஒருவருக்குத் தோணியில் கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றொருவர் துணையாவார். மூச்சு முட்டும் வேளையில் கயிற்றை அசைத்தால் போதும், மேலே இழுக்கப்படுவார். அத்தொழிலில் இடர்கள் பலவாயினும் ஓர் உறுதி மட்டும் என்றும் உண்டு. தலைக்கு நேர்மேலே வானம் இருக்கிறது என்பதே அவ்வுறுதி.

அவ்வுறுதி இல்லாத நீரும் உலகில் உண்டு. அதுவே குகைநீர். காற்றடைத்த சிலிண்டரைச் சுமந்து அந்நீருள் புகும் கலையைக் குகை முக்குளிப்பு என்பர். அக்கலையைக் கற்கப் புகுமுன், மேலே வானம் தெரியும் திறந்தநீரில் எத்தகைய தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும், அத்தேர்ச்சி ஏன் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குகைநீரின் இயல்பு

சுண்ணாம்புப் பாறையை மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரைத்துக் கரைத்து நிலத்தடியில் சுரங்கங்களை உண்டாக்குகிறது. அவற்றுள் நீர் நிரம்பி நிற்பவை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலும், மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்திலும், பிரான்சு, பிரிட்டன், தாய்லாந்து முதலிய நாடுகளிலும் காணப்படுகின்றன. யுகத்தானில் உள்ள சாக் அக்துன் என்னும் குகைத்தொடர் 347 கிலோமீட்டர் நீளமுடையது என 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதே பகுதியில் உள்ள ஓயோ நெக்ரோ என்னும் ஆழ்குழியில், 12,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட இளம்பெண் ஒருத்தியின் எலும்புக்கூட்டை 2007இல் முக்குளிப்போரே கண்டெடுத்தனர். நிலத்தடி நீரோட்டத்தின் வழிகளை அறிதற்கும் இவர்தம் பணி துணைபுரிகிறது. ஆகவே இது வீரவிளையாட்டு மட்டுமன்று. அறிவுத் தேட்டமும் ஆகும்.

எனினும் திறந்தநீருக்கும் குகைநீருக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. கடலில் இடர் நேருமாயின் மேலெழுந்து வருதல் இயலும். குகையிலோ மேலே பாறைக் கூரை. வந்த வழியே திரும்பிச் சென்றாலன்றி மூச்சுவிடக் காற்றில்லை. ஒளி இல்லை, விளக்கு அணைந்தால் முற்றிருள். அடியில் படிந்திருக்கும் மென்சேற்றைக் கால் ஒருமுறை கலக்கினால், விளக்கிருந்தும் தன் கையே தனக்குத் தெரியாது. கடலில் சிறு தொல்லையாய் முடியும் பிழை, இங்கு உயிரைக் கொள்ளும்.

பட்டறிவு தந்த பாடம்

இன்றைய ஸ்கூபா முக்குளிப்புக்கு அடிப்படையான மூச்சுக் கருவியை 1943இல் உருவாக்கியோர் பிரான்சு நாட்டவராகிய ழாக் குஸ்தோவும் எமில் கஞ்ஞானும் ஆவர். அக்காலத்தில் கடல் முக்குளிப்பில் குஸ்தோவினும் பழகியவர் மிகச் சிலரே. அத்தகையவர் 1946இல் தம் தோழர் பிரெடெரிக் துமாவுடன் வோக்ளூசு என்னும் ஊற்றுக் குகையினுள் இறங்கினார். உள்ளே இருவர்க்கும் மதி மயங்கிற்று. நூலிழையில் உயிர் தப்பினர். சிலிண்டரில் காற்று நிரப்பிய பொறி, தன் புகையையே தான் உறிஞ்சி உள்ளே செலுத்தியிருந்தமை பின்னர்த் தெரியவந்தது. கடலில் பெற்ற புகழ், குகையில் காவலாக நிற்பதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

புளோரிடாவின் ஊற்றுக் குகைகளில் இறந்தோர் பலர். அவருள் திறந்தநீரில் பிறர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இருந்தனர். அதனால் பல குகைவாயில்களில், கையில் அரிவாள் ஏந்திய எலும்புருவக் காலனின் படத்தோடு எச்சரிக்கைப் பலகைகள் நடப்பட்டுள்ளன. குகைப் பயிற்சி பெறாத ஆசிரியர்களும் இத்தகைய குகைகளில் மாண்டனர் என்ற செய்தி அப்பலகையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

இவ்விறப்புகளின் காரணங்களை முறையாக ஆராய்ந்தவர் செக் எக்ஸ்லி என்னும் அமெரிக்கர். 1979இல் அவர் வெளியிட்ட சிறுநூல் மூன்று காரணங்களை முதன்மையாகக் காட்டிற்று. வெளியேறும் வாயில்வரை அறுபடாத வழிக்கயிறு இல்லாமை ஒன்று. திரும்புதற்கும் இடருக்குமாக மூன்றில் இரு பங்கு காற்றை ஒதுக்காமை மற்றொன்று. அளவுக்கு மீறிய ஆழத்தில் இறங்கியமை மூன்றாவது. முறையான பயிற்சி இன்மையும், போதிய விளக்குகள் இன்மையும் பின்னர் இவற்றோடு சேர்க்கப்பட்டன. ஒவ்வொருவரும் மூன்று விளக்குகள் கொண்டு செல்லுதல் இன்று விதியாகும். இவ்விதிகளை வகுத்த எக்ஸ்லியும் 1994இல் மெக்சிகோவின் சக்கத்தோன் என்னும் நீர்க்குழியில் மிகப் பேராழத்தை எட்ட முயன்றபோது உயிர் நீத்தார் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தியாகும்.

மிதவைக் கட்டுப்பாடு

திறந்தநீரில் கற்க வேண்டியவற்றுள் தலையாயது மிதவைக் கட்டுப்பாடு. மேலெழாமலும் கீழ்த்தாழாமலும் நீரின் நடுவே நிற்றலே அது. மிதவைச் சட்டையில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் இதனைப் பெரும்பாலும் அடையலாம்; நுண்ணிய திருத்தம் மூச்சினாலேயே அமையும். மூச்சை உள்ளிழுக்க உடல் சற்றே உயரும்; வெளிவிடத் தாழும். இதனை நன்கு பயின்றவர் கையசைக்காமல், காலசைக்காமல் நீரில் தொங்கி நிற்பார்.

இதனோடு இணைந்தது உடல்நிலை. தலையும் இடுப்பும் முழங்காலும் ஒரே மட்டத்தில் கிடக்கையாக அமைதல் வேண்டும். கால்கள் தொங்கினால் துடுப்புக் காலணி சேற்றைக் கலக்கும். கால்வீச்சும் அவ்வாறே. கடலில் பலரும் கால்களை மேலும் கீழுமாக அடித்து நீந்துவர். அந்நீரோட்டம் அடித்தரையைத் தாக்கும். தவளையைப் போல் கால்களை மடக்கிப் பின்னோக்கித் தள்ளும் வீச்சு நீரைக் கீழே செலுத்தாது. பின்னோக்கி நீந்தவும், நின்ற இடத்திலேயே திரும்பவும் கற்றல் வேண்டும். குறுகிய சுரங்கத்தில் இவையின்றித் திரும்புதல் அரிது.

இவற்றைச் செய்ய முடிதல் வேறு. பிறிதொரு பணியில் மனம் ஈடுபட்டிருக்கும்போது இவை தாமே நிகழ்தல் வேறு. முகக்கண்ணாடியைக் கழற்றி மீண்டும் அணியும்போது ஒருவர் தம்மை அறியாமல் இரண்டு மீட்டர் உயர்ந்துவிடுவாராயின், கடலில் அதனால் பெரிய கேடில்லை. குகையில் தலை கூரையில் மோதும்; அல்லது கால் சேற்றில் பதியும். ஆதலின் ஒரு பணியை மற்றொரு பணியின்மேல் ஏற்றிப் பழகுதல் வேண்டும். முகக்கண்ணாடி இன்றி மூச்சுவிடுதல், வாயினின்று நழுவிய ரெகுலேட்டரை மீட்டல், பழுதுற்ற சிலிண்டரின் வால்வைக் கை நீட்டி மூடுதல், நீண்ட குழாய்வழித் தோழர்க்குக் காற்றளித்தல் ஆகிய யாவும், உடல் நிலைபெயராமல் செய்யப்படுமளவும் திறந்தநீரில் திரும்பத் திரும்பப் பயிலப்பட வேண்டும்.

காற்றுக் கணக்கு

முக்குளிப்போர் சுமப்பது பெரும்பாலும் அழுத்தமேற்றிய காற்றே. நீரில் பத்து மீட்டர் இறங்குந்தோறும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடும். ஆதலால் 20 மீட்டர் ஆழத்தில், நிலத்தில் செலவாகும் காற்றைப்போல் மும்மடங்கு செலவாகும்.

ஒரு கணக்கைக் காண்போம். 12 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர் இரண்டில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பினால், மொத்தம் 4,800 லிட்டர் ஆகும். மூன்றிலொரு பங்கு விதிப்படி உட்செல்ல 1,600 லிட்டர், வெளிவர 1,600 லிட்டர், இடருக்கென 1,600 லிட்டர். நிலத்தில் நிமிடத்திற்கு 20 லிட்டர் செலவிடும் ஒருவர் 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் செலவிடுவார். ஆகவே ஏறத்தாழ 27 நிமிடம் உட்செல்லலாம். பின்னர்த் திரும்பியே ஆகவேண்டும்.

அத்தொலைவின் கடைசியில் தோழரின் காற்று முழுதும் போய்விட்டது எனக் கொள்வோம். எஞ்சிய 3,200 லிட்டரை இருவரும் பகிர்தல் வேண்டும். இருவரும் அமைதியாக மூச்சுவிட்டால் 27 நிமிடத்தில் வாயிலை அடைவர். காற்றும் அப்போதுதான் தீரும். அச்சத்தால் இருவர் மூச்சும் ஒன்றரை மடங்கு விரைந்தால், நிமிடத்திற்கு 180 லிட்டர் செலவாகி, 18 நிமிடத்தில் காற்று தீர்ந்துவிடும். வாயில் இன்னும் ஒன்பது நிமிடத் தொலைவில் இருக்கும்.

இதனால் நாம் அறிவது யாது? விதி காப்பது, அமைதியாக மூச்சுவிடத் தெரிந்தவரையே. அந்த அமைதியை விதியினால் பெறுதல் இயலாது. பழக்கத்தினாலேயே பெறுதல் கூடும். ஒவ்வொரு முக்குளிப்பிலும் தம் காற்றுச்செலவைக் குறித்துவைத்து, இத்தனை நிமிடத்தில் மானி இன்ன அளவு காட்டும் என முன்கூட்டியே சொல்லிப் பார்த்துச் சரிபார்த்தல் நல்ல பயிற்சியாகும். எதிர்பார்த்ததற்கும் கண்டதற்கும் வேறுபாடு குறையக் குறையத் தேர்ச்சி வளரும்.

வழிக்கயிறு

தோணியில் ஒருவர் பிடித்த கயிற்றின் இடத்தை, குகையில் வழிக்கயிறு பெறுகிறது. ஆனால் இக்கயிற்றை மறுமுனையில் இழுப்பார் எவருமிலர். முக்குளிப்பவரே அதனை வாயிலில் கட்டி, உருளையிலிருந்து விட்டுக்கொண்டு சென்று, அதனையே பற்றித் திரும்புதல் வேண்டும். கயிறு தளர்ந்தால் உடலில் சிக்கும்.

இதனை முதலில் நிலத்தில் பயில்வர். மரங்களுக்கிடையே கயிற்றைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளையமாகக் கயிற்றைச் சூழ, மற்றொரு கையால் தோழரைத் தொட்டு நடந்து பழகுவர். பிறகே திறந்தநீரில், முகக்கண்ணாடியை மறைத்துக்கொண்டு அதனையே செய்வர். அங்கே தவறினால் மறைப்பை நீக்கினால் போதும், வெளிச்சம் வந்துவிடும். தவறு செய்தற்குரிய இடம் திறந்தநீரே.

எண்ணிக்கையும் தேர்ச்சியும்

தம் ஏட்டில் நூறு முக்குளிப்புகள் பதிந்திருப்பதையே சிலர் தகுதியெனக் கருதுவர். வழிகாட்டியின் பின்னே தெளிந்த நீரில் மீன்களைக் கண்டு திரும்பிய நூறு முறைகளால், வழிகாட்டி இன்றி முடிவெடுக்கும் ஆற்றல் வாராது. தாமே திட்டமிட்டு, கலங்கிய நீரிலும் குளிர்ந்த நீரிலும் பழகி, ஒவ்வொரு முறையும் ஒரு திறனையேனும் சோதித்துப் பார்த்தவரின் ஐம்பது முறைகள் அவற்றினும் மேலாகும்.

மனப்பயிற்சி ஒன்றும் உண்டு. எவரும், எவ்வேளையிலும், எக்காரணம் பற்றியும் முக்குளிப்பை நிறுத்தலாம். காரணம் கேட்டு மற்றவர் குறைகூறார் என்பது குகை முக்குளிப்போரிடையே நிலவும் நெறி. பெருவிரலை உயர்த்திக் காட்டினால் அனைவரும் திரும்புவர். திரும்புதல் இழிவன்று என்னும் இவ்வுணர்வைத் திறந்தநீரிலேயே பெறாதவர்க்குக் குகையில் அது தோன்றுதல் அரிது.

தாய்லாந்து நிகழ்ச்சி

2018ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரு சிறுவரும் அவர்தம் பயிற்சியாளரும் வெள்ளத்தால் சிக்கினர். அந்நாட்டுக் கடற்படை முக்குளிப்பு வீரர் துணிவிலும் உடல்வலியிலும் குறைந்தவரல்லர். எனினும் அவர்தம் பயிற்சி பெரிதும் கடல் சார்ந்தது. ஜூலை 2ஆம் நாள் சிறுவர்களைக் கண்டறிந்தோர் ஓய்வுநேரங்களில் குகை முக்குளிப்பைப் பயின்ற பிரிட்டானியர் இருவர். ரிச்சர்ட் ஸ்டான்டன் தீயணைப்பு வீரராகப் பணியாற்றியவர். ஜான் வொலாந்தன் கணினித்துறை சார்ந்தவர். காற்றுச் சிலிண்டர்களை உள்ளே வைத்துத் திரும்பும்போது, முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் ஜூலை 6ஆம் நாள் உயிர் துறந்தார். அவர்தம் ஈகம் போற்றுதற்குரியது. ஜூலை 8 முதல் 10 வரை பதின்மூவரும் உயிருடன் மீட்கப்பட்டனர்.

திறந்தநீர்த் தேர்ச்சி மட்டும் குகைக்குப் போதாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அத்தேர்ச்சி இல்லாமல் குகைப்பயிற்சியே இல்லை என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். அது கதவைத் திறக்கும் திறவுகோல். உள்ளே நடத்தும் விளக்கு, குகைப் பயிற்சியே.

முடிவுரை

குகைப் பயிற்சிக்குச் செல்லும் மாணாக்கர் அங்கே கயிறு, இருள், காற்றுப் பங்கீடு, திரும்பும் முடிவு ஆகிய புதியவற்றில் மனத்தைச் செலுத்த வேண்டியவராவர். நீரில் நிலையாக நிற்பதற்கே அவர் மனம் செலவாகுமாயின், புதியதைக் கற்க மனத்தில் இடமிராது. ஆகவேதான் நல்ல ஆசிரியர் பலர், மிதவைக் கட்டுப்பாடு கைவராத மாணவரைக் குகைவாயிலினின்று திருப்பியனுப்பி, திறந்தநீரில் மேலும் சில திங்கள் பயின்று வரச் சொல்கின்றனர். அங்ஙனம் திருப்பியனுப்பப்படுதலை இகழ்ச்சி எனக் கருதலாகாது. உயிரைக் காக்கும் அறிவுரையெனவே கொள்ளல் வேண்டும்.

மேலே வானம் இருக்கும்போதே பிழைகளைச் செய்து தீர்த்தல் வேண்டும். கூரையின் கீழ்ச் சென்றபின் பிழை செய்து கற்றற்கு நேரமும் இல்லை, காற்றும் இல்லை.