ஒரே நாள் வாழும் பொன் பூச்சி!

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, கடலில் கங்காரு தீவு இருக்கிறது. அங்கே ஒரு சின்னஞ்சிறு அந்துப்பூச்சி வாழ்கிறது. சிறு நாணயத்தால் மூடிவிடலாம். அவ்வளவுதான் அதன் அளவு! சிறகுகளில் பொன் நிறமும் ஊதா நிறமும் மின்னும். ஓரமெல்லாம் பட்டு இழை போன்ற மயிர்.

இதன் ஆயுள் எவ்வளவு தெரியுமா? கூட்டை விட்டு வெளியே வந்தபின் ஒரே நாள்தான்! அதற்குள் துணை தேடி, முட்டையிட்டு, மடிந்துவிடுகிறது.

நாக்கு இல்லை!

அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை குழல் போன்ற நாக்கால் தேன் உறிஞ்சும். இதற்கு நாக்கே கிடையாது!

ரிச்சர்ட் கிளாட்ஸ் என்ற விஞ்ஞானி இதைக் கண்டெடுத்தார். எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது? தெரிந்த குடும்பம் எதிலும் இது அடங்கவில்லை. எனவே 2015-ம் ஆண்டு இதற்கென்றே தனிக் குடும்பம் வகுத்தார்கள். "புதிர்ப் பூச்சி" என்று பொருள்படப் பெயரும் சூட்டினார்கள்.

மரபணுவைச் சோதித்தபோது இன்னொரு வியப்பு! நாக்குள்ள பூச்சிகள் சில இதற்கு நெருங்கிய உறவாம். முன்னோருக்கு இருந்த நாக்கை இது இழந்திருக்கலாம் என்கிறார்கள்.

தீவில் உள்ள ஒருவகை ஊசியிலை மரமே இதற்கு வீடு. 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் எரிந்த காட்டுத் தீ, ஏறக்குறையப் பாதித் தீவைக் கருக்கிவிட்டது.

ஒரு நாள் வாழ்வுதான். அதற்கும் ஒரு மரம் நிற்க வேண்டுமே!