ஓக் இலையில் ஒரு பந்து... உள்ளே யார் தெரியுமா?

ஜெர்மனிக் காடுகளில் அண்ணாந்து பார்த்தால் மரங்களில் பந்து, துடைப்பம், அன்னாசி எல்லாம் தொங்கும்! எல்லாமே விருந்தாளிகள் செய்த வேலை. யார் யார்?

இலைக்கடியில் செர்ரிப் பழமா?
ஓக் இலையின் நரம்பில் சின்னக் குளவி ஒன்று முட்டையிடுகிறது. புழுவைச் சுற்றி இலையே 2 செ.மீ. வரை உருண்டை கட்டிவிடுகிறது! குளிர்காலத்தில் அதைத் துளைத்து வெளிவரும் குளவிகள் அத்தனையும் பெண்; ஆண் துணையே இல்லாமல் முட்டையிடும்! குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிறோமே மாசிக்காய், அதுவும் காயே அல்ல. மேற்காசிய ஓக்கில் குளவி உண்டாக்கிய கழலைதான்!

பாக் எழுதிய மை?
ஓக் கழலைச் சாற்றில் அன்னபேதி சேர்த்தால் கறுப்பு மை. இசைமேதை பாக் எழுதியது அந்த மையில்தான். அது தாளையே அரித்துவிட்டது! பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கும் அவருடைய கையெழுத்துத் தாள்கள் பலவற்றை இரண்டாகப் பிளந்து, நடுவே மெல்லிய தாள் ஒட்டிக் காப்பாற்றினார்கள்!

கிளையில் துடைப்பம்?
பிர்ச் மரத்தில் குச்சிகள் கொத்தாக நெருங்கியிருந்தால், அந்தக் காலத்தில் சூனியக்காரியின் வேலை என்பார்கள். உண்மையில் டாப்ரினா என்ற பூஞ்சையின் வேலை!

பிஞ்சு அன்னாசி?
ஸ்ப்ரூஸ் கிளை நுனியில் தெரிவது அசுவினிக்கு உறவான பூச்சி குடியிருக்கும் கழலை.

பனியிலும் பச்சைப் பந்து?
இலையுதிர்ந்த ஆப்பிள், பாப்லர் மரங்களில் அது மட்டும் பசேலென்று இருந்தால், நம்மூர்ப் புல்லுருவிக்குச் சொந்தக்காரன்! பிசுபிசுப்பான விதையைப் பறவைகள் கிளையில் ஒட்டிவிடுகின்றன. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு கவடு விடுவதால், கவடுகளை எண்ணி வயதையும் கணிக்கலாம்!

அடிமரத்தில் கட்டி?
வேரும் தண்டும் சேரும் இடத்தில் சொரசொரப்பான கட்டியா? அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா தன் மரபணுவையே செடிக்குள் நுழைத்திருக்கலாம்! இந்தத் தந்திரத்தை ஆராய்ந்த ஜோசப் ஷெல், 1978 முதல் கொலோன் நகரின் மாக்ஸ் பிளாங்க் பயிர்ப்பெருக்க ஆய்வு நிறுவனத்தில் இயக்குநராக இருந்தார். 2002-இல் இந்தியாவுக்கு வந்த பி.டி. பருத்தியில் அந்நிய மரபணுவைச் சேர்த்ததும் இதே பாக்டீரியாதான்!

ஆனால், இலையில் கட்டியைக் கண்டதும் மருந்தடிக்க ஓடாதீர்கள். இலைக் கழலைகளால் மரத்துக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. உங்கள் தெருப் புங்கமர இலையிலும் கொப்புளங்கள் இருக்கும்; அவை கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் கைவேலை. ஓர் இலையைப் பறித்து, பிள்ளைகளிடம் காட்டுங்கள்!