ஜீவனாம்சமாக வந்த இசைத்தட்டு

ஜீவனாம்சம் என்னும் சொல் வாஷியில் வாழும் நமக்குப் புதியதன்று. பம்பாய் மாகாணம் 1947-ஆம் ஆண்டிலும் சென்னை மாகாணம் 1949-ஆம் ஆண்டிலும் இந்துக்களுக்கு மணவிலக்கு உரிமையைச் சட்டமாக்கின. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் வந்தது. பணமாகவோ சொத்தாகவோ தருவதே நாம் அறிந்த ஜீவனாம்சம். அமெரிக்காவிலோ ஒருவர் அதனைப் பாட்டாகவே கொடுக்க நேர்ந்தது.

அவர் மார்வின் கே. ‘சோல்’ எனப்படும் கறுப்பின மக்களின் இசையில் பெரும்புகழ் பெற்ற பாடகர். அவருடைய மனைவி அன்னா கார்டி கணவரினும் 17 ஆண்டு மூத்தவர். மார்வின் பாடிவந்த மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியை நிறுவிய பெர்ரி கார்டியின் தமக்கை. 1975-இல் அன்னா மணவிலக்குக் கோரி வழக்குத் தொடுத்தார். பெரும்பொருள் ஈட்டியும் மார்வினிடம் கைப்பணம் இல்லை. ஆகவே, அடுத்து வெளிவரும் இசைத்தட்டின் வருமானத்திலிருந்து 6 லட்சம் டாலர் அன்னாவுக்கு உரியது என 1977-இல் முடிவாயிற்று.

பிறருக்குப் போகும் பணந்தானே என்று, ஏனோதானோவெனப் பாடி ஒப்பேற்றிவிடவே மார்வின் முதலில் எண்ணினாராம். ஆனால் பாடத் தொடங்கியதும் கலை அவரை விடவில்லை. அன்பு எப்போது அற்றுப்போயிற்று என்று மனைவியையும் தம்மையும் ஒருங்கே கேட்கிறார் ஒரு பாட்டில். பிரிந்து செல்வதற்கு ஆகும் செலவை எண்ணிக் கசந்து பாடுகிறார் மற்றொன்றில். இரண்டு தட்டுகளாக 1978 டிசம்பரில் வெளிவந்த ‘ஹியர், மை டியர்’ அப்போது நன்கு விற்கவில்லை. பின்னரே அதன் அருமை உணரப்பட்டது.

நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. அதில் ஒலிப்பது கணவரின் குரல் மட்டுமே. அன்னா தம் பக்கத்தைச் சொல்ல இடமில்லை. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது, கபிலரும் பரணரும் பிற புலவர் இருவரும் அவள் பக்கம் நின்று பாடியதைப் புறநானூற்றில் காண்கிறோம். பொருள் வேண்டா, அவளிடம் திரும்பிச் செல்வதே யாம் வேண்டும் பரிசில் என்றனர் அவர்கள். அன்னாவுக்கு அத்தகைய புலவர் வாய்க்கவில்லை. தம் இல்லற வாழ்வு ஊரறியப் பாடப்பட்டதைக் கேட்டு அவர் வழக்குத் தொடரவும் எண்ணினாராம், தொடரவில்லை.

1984 ஏப்ரல் 1 அன்று மார்வின் தம் தந்தையாராலேயே சுடப்பட்டு மாண்டார். அவர் அஸ்தியைப் பசிபிக் கடலில் கரைத்தபோது, மக்களோடு அன்னாவும் இருந்தார்.