உங்களுக்குத் தெரியுமா? விபத்துக்குப் பின் மனமும் ஆற வேண்டும்

கார் விபத்தில் கீறல்கூட விழாமல் தப்பியவருக்கும் மனக்காயம் ஏற்படலாம். பிரேக் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடப்பது, விபத்துக் காட்சி கண்முன் திரும்பத் திரும்ப வருவது, தூக்கம் கெடுவது, காரில் ஏறவே அஞ்சுவது ஆகியவை இதன் அறிகுறிகள். ஆபத்தை உணர்த்தும் மூளைப் பகுதியான அமிக்டலா, ஆபத்து நீங்கிய பின்னும் விழிப்பு நிலையிலேயே இருப்பது இதற்கு ஒரு காரணம்.

பெரும்பாலோருக்கு இவை சில வாரங்களில் தாமாகவே தணியும். வேளைக்கு உணவு, போதிய உறக்கம், நெருங்கியவர்களின் துணை, சிறிது சிறிதாகப் பயணத்துக்குத் திரும்புதல் ஆகியவை உதவும். நடந்ததை விவரிக்கும்படி பாதிக்கப்பட்டவரை வற்புறுத்தக் கூடாது. அவராகப் பேசும்போது காதுகொடுத்துக் கேட்பதே பேருதவி. பதற்றத்தை மதுவால் அடக்க முயல்வது மனம் தேறுவதைத் தாமதப்படுத்தும்.

அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் இதைத் மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் தன் கையேட்டில் தனிக் கோளாறாகச் சேர்த்தது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருகிறது. இந்தியாவில் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.