பாடி கட்டியவர் யார்?

பழைய அமரர் ஊர்தி ஒன்று உங்கள் முன் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முகம் அம்பாசிடர் கார். பின்பக்கமோ நீண்ட பெட்டி. இருபுறமும் அகன்ற கண்ணாடி. இதைச் செய்தவர் யார் என்று கேட்டால், முகத்தைப் பார்த்ததுமே இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்று சொல்லிவிடுவீர்கள். அது பாதி விடைதான்.

மோட்டார் வண்டிகள் பலவற்றுக்குச் செய்தவர்கள் இருவர். எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டத்தைத் தொழிற்சாலை தரும். அதன்மேல் பாடி கட்டுவது வேறொருவர். கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டுவது பேர்பெற்ற தொழில் அல்லவா? இவர்களுக்கு முன்னோடிகள் குதிரை வண்டி கட்டியவர்கள். சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் கோச்சு வண்டிகள் கட்டி வந்தது. 1903இல் அதே நிறுவனம் நீராவிக் கார் ஒன்றையும் செய்தது.

அமெரிக்காவில் காடிலாக் நிறுவனம், அமரர் ஊர்தி கட்டுவோருக்கென்றே தனி அடிச்சட்டம் விற்றது. 1984இல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் ஓடும் வெள்ளை வண்டி 1959ஆம் ஆண்டுக் காடிலாக். அதற்குப் பாடி கட்டியது ஓஹையோ மாநிலத்து மில்லர்-மீட்டியர் நிறுவனம். அந்நாட்டு அமரர் ஊர்திகள் பலவற்றின் பக்கத்தில் ‘எஸ்’ எழுத்துபோல் வளைந்த உலோகப் பட்டை இருக்கும். மடக்குக் கூரை கொண்ட குதிரை வண்டியில் கூரையைத் தாங்கிய கீல் அது. கூரை மடங்குவது நின்றுபோன பிறகும் பட்டை மட்டும் அலங்காரமாகத் தங்கிவிட்டது.

நம் ஊர்திக்கு வருவோம். பதிவுப் புத்தகமும் அடிச்சட்ட எண்ணும் முதல்வரைத்தான் காட்டும். 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் 22-ஏ என்ற படிவம் உண்டு. அதன் முதற்பகுதியில் தொழிற்சாலையும் இரண்டாம் பகுதியில் பாடி கட்டியவரும் சான்று தரவேண்டும். அதற்கு முந்திய வண்டிகளுக்கு வண்டியே சாட்சி.

முதலில் அளவுநாடாவை எடுங்கள். அம்பாசிடரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி ஏறக்குறைய 2.46 மீட்டர். அதைவிட நீளமானால் யாரோ வெட்டி நீட்டியிருக்கிறார்கள். அது எளிய வேலையன்று. 1950களில் சென்னையில் பூட்டப்பட்ட ஸ்டாண்டர்டு வேன்கார்டு காருக்குத் தனி அடிச்சட்டம் உண்டு, அம்பாசிடருக்குக் கிடையாது. முட்டை ஓட்டைப்போல அதன் தளமும் தூண்களும் கூரையுமே சேர்ந்து சுமையைத் தாங்குகின்றன. வெட்டினால் வலுவூட்ட வேண்டும். வலுவூட்டிய பட்டைகள் அடிப்பக்கத்தில் தெரியும்.

நீளம் மாறவில்லை என்றால்? கூரை பின்கதவுவரை நீளும் ஸ்டேஷன் வாகன் வடிவிலும் அம்பாசிடர் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. ஆகவே பின்பகுதி தொழிற்சாலையுடையதா, பட்டறையுடையதா என்று பார்க்கவேண்டும். இங்கே இணைப்புகள் பேசும். மின்சாரம் இரு தகடுகள் ஒட்டும் இடத்தில் பாயும்போது, அங்குள்ள மின்தடையால் சூடேறித் தகடுகள் உருகி ஒட்டுவது புள்ளிப் பற்றவைப்பு. ஒரே சீரான இடைவெளியில் வட்டத் தடங்கள் வரிசையாக இருந்தால் அது பெரும்பாலும் தொழிற்சாலை வேலை. தலை உருண்ட ரிவெட்டுகள், வாயுச் சுடரால் ஓடிய பற்றுக்கோடு, மஞ்சளாக மின்னும் பித்தளைப் பற்று ஆகியவை பட்டறைக் கையைக் காட்டும். நெல்லை மாணவர்கள் பேட்டையிலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்புப் பயிலும் அண்ணன்மாரைக் கேட்டால் வேறுபாட்டைக் காட்டுவார்கள்.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பாடிமேல் மெதுவாக நகர்த்துங்கள். எஃகுத் தகட்டில் இழுக்கும், அலுமினியத்தில் இழுக்காது. எஃகிலேயே ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே பட்டி கனமாகப் பூசி எதையோ மறைத்திருக்கிறார்கள். அநேகமாக அதுதான் இணைப்பு! திருகாணி மரையையும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. ஆனால் திருகாணியை யாரும் மாற்றியிருக்கலாம். அதை மட்டும் நம்பக்கூடாது.

கைப்பிடி, விளக்கு, கீல் ஆகியவையும் அப்படித்தான். ஒரே கடைக் கீல் பத்துப் பட்டறைகளுக்குப் போயிருக்கும். வாங்கிய பொருள் கடையைத்தான் சொல்லும். செய்த பொருளே செய்தவரைச் சொல்லும். கூரை வளைவு, கண்ணாடிச் சட்டத்தின் மூலைத் திருப்பம், மரச்சட்டம் இருந்தால் அதன் பொருத்து, ரிவெட்டுகளின் இடைவெளி ஆகியவை கையெழுத்தைப் போன்றவை. கட்டியவர் இன்னாரென்று தெரிந்த வேறொரு வண்டியோடு இவற்றை ஒப்பிட்டு, பல அடையாளங்கள் சேர்ந்து பொருந்தினால்தான் தீர்ப்புச் சொல்லலாம்.

இவ்வளவு பாடு எதற்கு? 50 ஆண்டு தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிய 2021இல் விதி வந்தது. அடிச்சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் வண்டி அசல் வடிவில் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. பெட்டி பிறவியிலேயே கட்டியதா, பிறகு ஒட்டியதா என்று தெரியாமல் இதற்கு என்ன பதில் சொல்வது?

இருக்கை மெத்தையைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள். பாகங்கள் மாறிப்போகாதிருக்கப் பாடி எண்ணைக் கதவுச் சட்டத்திலும் பலகைகளின் பின்னாலும் பொறித்துவைப்பது கோச்சு கட்டுவோர் வழக்கம். கடைசியாகப் பின்கதவின் அடிப்பகுதி. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். ஆகையால் உலர்ந்த தாளால் தேய்க்காமல், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, முகமூடி அணிந்து நீர்த்தாளால் மெல்லத் தேய்க்கவேண்டும். வண்ணங்கள் அடுக்கடுக்காக விலகும்போது, பட்டறையின் பெயரையும் ஊரையும் பெயிண்டர் எழுதிய சிறிய எழுத்துகள் வெளிப்படலாம்.